‘மலையில என்ன செலவு?’

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி ரிங்லெட்டைத் தொடும்போது காது அடைக்கும். ஜன்னலை இறக்கினால் குளிர் முகத்தில் அடிக்கும். அந்த நிமிடத்தில் காருக்குள் யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: “பேசாம இங்கயே வந்து இருந்துடலாம். ஏர்கோன் வேணாம், காய்கறி மலிவு, மலையில என்ன செலவு?”

நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். கேமரன்மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். படிப்பு, வேலை என்று மலையிறங்கி ஈப்போவில் தங்கிவிட்டேன். ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஊர் தேடும் வெளிநாட்டவரும் இதையே சொல்கிறார்கள், கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு வரும் நம்மவர்களும் இதையே சொல்கிறார்கள். நம்மவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், “தோட்டத்து ஆளுக்கு வீடு சும்மா, தண்ணி சும்மா, கொல்லையில கீரை. வாங்குற சம்பளம் அப்படியே மிச்சம்” என்பார்கள். இரண்டும் ஒரே பொய். இந்தப் பொய்யால் வயிறு காய்ந்தவர்களோடு வளர்ந்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வெளிநாட்டவர் போடும் கணக்கைப் பார்ப்போம். ஓய்வு பெற்றவர்கள் குடியேற ஏற்ற நாடுகள் என்று வெளிவரும் பட்டியல்களில் மலேசியாவுக்குப் பல வருடங்களாக நல்ல இடம் இருக்கிறது. அதில் தானா ராத்தாவுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரம், இரவில் போர்வை கேட்கும் குளிர், நடந்து போகும் தூரத்தில் கோல்ஃப் திடல். ஜப்பானிய முதியவர்கள் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கிப் போனார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலை குனிந்து வணங்கிவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் அவர்களுக்கு இந்த ஊர் எப்படி மலிவானது என்பதைச் சொல்ல வேண்டும். 2012 வாக்கில் ஒரு ரிங்கிட் வாங்க 26 யென் போதும். 2024 முடிவில் அதே ரிங்கிட்டுக்கு 35 யென் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் மலையில் ஒரு கோஸின் விலைகூட ஏறாமல் இருந்திருந்தாலும், அவர்களுக்கு எல்லாச் செலவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். ஆக, மலிவு இருந்தது யென்னில். அதை மலையின் குணம் என்று எல்லோருமாக நம்பிவிட்டோம்.

யார் இங்கே குடியேறலாம் என்பதற்கு அரசாங்கமே ஓர் அளவு வைத்திருக்கிறது. ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தின் விதிகளை 2021இல் திருத்தியபோது, விண்ணப்பிப்பவருக்கு வெளிநாட்டிலிருந்து மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் வர வேண்டும், 10 லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை வேண்டும் என்றார்கள். அதே வருடம் கேமரன்மலையில் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 ரிங்கிட். அப்படி விண்ணப்பிப்பவரின் ஒரு மாத வருமானத்தைச் சம்பாதிக்கக் கொழுந்து பறிப்பவர் மூன்று வருடத்துக்கு மேல் மலைச்சரிவில் நிற்க வேண்டும். 2024இல் விதிகளை மறுபடி மாற்றி, மாத வருமான நிபந்தனையை எடுத்துவிட்டு வீடு வாங்குவதைக் கட்டாயமாக்கினார்கள். மிகக் கீழ்ப்படியில் சேர்பவரே குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். இப்படிக் குடியேறுபவரும் கொழுந்து பறிப்பவரும் ஒரே கடையில் ஒரே தக்காளியை வாங்குகிறார்கள். ஒருவர் அதை மலிவு என்கிறார். அடுத்தவர் கூடையில் வைத்ததை எடுத்துத் திரும்ப வைக்கிறார். இவர்களில் ஒருவருடைய பேச்சை மட்டும் ஊரின் வாழ்க்கைச் செலவு என்று எழுதி வைப்பது என்ன நியாயம்?

அந்த 1,100 ரிங்கிட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். 2020 பிப்ரவரியிலிருந்து 2022 ஏப்ரல் வரை மலேசியாவில் இரண்டு விதமான குறைந்தபட்சச் சம்பளம் இருந்தது. மாநகர், நகராட்சி மன்றப் பகுதிகளில் 1,200 ரிங்கிட், மற்ற இடங்களில் 1,100. கேமரன்மலையில் இருப்பது மாவட்ட மன்றம். அதனால் மலைக்கு 100 ரிங்கிட் குறைவு. சின்ன ஊரில் செலவு குறைவு என்ற நம்பிக்கை காரில் பேசும் பேச்சோடு நிற்காது. சட்டமாகி, சம்பளக் கவரில் கைவைத்து எடுத்துக்கொள்ளும்.

வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே இதற்கு நேர்மாறாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1920களின் பிற்பகுதியில் இந்தியக் குடியேற்றக் குழு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு நிர்ணயச் சம்பளம் அறிவித்தது. சிலாங்கூர் போல் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கேமரன்மலை இருக்கும் பகாங்கின் உட்பகுதிகளில் ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. காரணம், ரயிலும் ரோடும் எட்டாத இடத்தில் அரிசியும் உப்பும் விலை கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரே வேலை செய்த பெண்ணுக்குக் காசைக் குறைத்த கொடுமையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அந்தச் சம்பளத்தையும் வெட்டினார்கள். இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரி நேரில் வந்து விசாரித்து அறிக்கை கொடுத்த 1937இல்தான் 50, 40 என்று பழைய அளவு திரும்பியது. மறு வருடமே மீண்டும் வெட்டியபோது, இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அத்தனை கல்நெஞ்சம் கொண்ட ஏற்பாட்டிலும் உள்நாட்டில் வாழச் செலவு அதிகம் என்ற உண்மைக்கு 8 காசு இருந்தது. சுதந்திர நாட்டில், 2020இல், நாம் 100 ரிங்கிட்டைக் கழித்தோம்.

2022 மேயில் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று இப்போது எல்லா ஊருக்கும் ஒரே சம்பளம் வந்துவிட்டது, நல்லது. வாரம் ஆறு நாள் வேலைக்கு அது நாளுக்கு 65 ரிங்கிட் 38 காசு.

என் அத்தை முப்பத்து நான்கு வருடம் கொழுந்து பறித்தவர். கையால் கிள்ளிய காலம் போய், பை கட்டிய கத்தரியால் வெட்டும் முறை வந்த பிறகும் நின்றார். இப்போது தானா ராத்தாவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் இரண்டு அறையில் வாடகைக்கு இருக்கிறார். சமையலறைச் சுவரில் சீனர் மளிகைக் கடை கொடுத்த நாட்காட்டி தொங்கும். பெரிய சிவப்பு எண்களுக்குக் கீழே ஒவ்வொரு நாளும் அத்தை பென்சிலால் எழுதுவார்: அரிசி, தோம்பு, மருந்து, கார். மாதம் முடிந்தால் தாளைக் கிழித்து மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவார். போன தீபாவளிக்குப் போனபோது அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி இருவரும் கூட்டிப் பார்த்தோம். மலைவாழ்வின் செலவை அதைவிடச் சரியாக எழுதிய வேறு எதையும் நான் படித்ததில்லை.

‘தோம்பு’ என்றால் எரிவாயுத் தோம்பு. 14 கிலோவுக்குக் கட்டுப்பாட்டு விலை 26 ரிங்கிட் 60 காசு. அதை மாடிவரை கொண்டுவந்து வைக்கும் கூலி தனி. குளிர் ஊரில் குளிக்க வெந்நீர் வேண்டும் என்பதால் தோம்பு சீக்கிரம் தீரும். மழைக்காலத்தில் துணி காயாது. ஏர்கோன் செலவு இல்லை என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் எழுதுவதே இல்லை. அரிசி மலையில் விளைவதில்லை. எண்ணெய், சீனி, மீன், பால்மாவு எல்லாம் லோரி ஏறித்தான் வர வேண்டும். 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது. உடனே 10 கிலோ 26 ரிங்கிட்டுக்கு விற்ற உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. அத்தையின் அந்த மாதத் தாளில் ‘அரிசி இல்ல’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறது.

காய்கறி மலிவு என்பார்களே, அதையும் பார்த்துவிடுவோம். இங்கே விளைகிற நல்ல சரக்கு விடிவதற்குள் லோரி ஏறிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடும். சாலையோரக் கடைகளில் வார இறுதியில் சொல்லும் விலை, கார் ஓட்டி வந்தவருக்கான விலை. அத்தை சந்தை முடியும் நேரம் பார்த்துப் போவார்.

நாட்காட்டியில் அதிகம் வருவது ‘கார்’ என்ற சொல். கொழுந்துப் பையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கியதில் அவருடைய இரண்டு முட்டியும் போய்விட்டன. தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு 1 ரிங்கிட் கட்டி மருந்து வாங்கலாம். எலும்பு, இருதயம், கண் என்று நிபுணரைப் பார்க்க ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். அங்கே நிபுணருக்கு 5 ரிங்கிட். போய்வரும் வாடகைக் காருக்கு அதைப்போல் பல மடங்கு. காலை ஐந்து மணிக்கே இருட்டில் கிளம்ப வேண்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, மூக்கருகே பிடிக்க ஓர் எலுமிச்சம்பழம். கம்போங் ராஜா தாண்டிச் சிம்பாங் பூலாய் இறக்கம் முடிவதற்குள் ஒரு முறையாவது வாந்தி எடுப்பார். சொந்தக் காரும் மருத்துவக் காப்பீடும் உள்ள வெளிநாட்டவரின் செலவுப் பட்டியலில் இந்த வரிக்கு இடமே இருக்காது. ஆனால் வயது ஏற ஏற அவரும் இதே சாலையில்தான் இறங்க வேண்டும். மலையில் மலிவாக முதுமையைக் கழிக்கலாம் என்று நம்பி வருகிறவரையும் இந்தப் பொய் ஒருநாள் கைவிடும்.

இனி ‘வீடு சும்மா’. நான் அதிகம் கோபப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை நின்றால் வீடும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல 1990இல் ஒரு சட்டம் வந்தது. கூரை, கழிவறை, குழாய் எல்லாவற்றுக்கும் அதில் அளவு உண்டு. ஆனால் அந்தக் கூரையின் கீழ் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் அது தொழிலாளியுடையதாகாது. வாடகை கொடுக்காத முப்பத்து நான்கு வருடத்தை மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள், அறுபது வயதில் சாமான்களை லோரியில் ஏற்றும் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு வீடு தேடினால், ஊரில் காலியாகும் வீட்டுக்குப் போட்டியாகச் சுற்றுலாப் பயணி நிற்கிறார். ஓரிரவுக்கு விட்டால் கிடைக்கும் பணத்தைப் பார்த்த வீட்டுக்காரர் ஏன் கிழவிக்கு மாத வாடகைக்கு விடுவார்? லயத்தில் பிறந்த என் தலைமுறையில் பாதிப் பேர் ஈப்போவிலும் கிள்ளானிலும் இருப்பது ஆசைப்பட்டு அல்ல. பிறந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாமல் இறங்கியவர்கள் அவர்கள்.

எங்கள் இடத்துக்கு இப்போது வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களும் கேமரன்மலையில் வாழும் வெளிநாட்டவர்தாம். ஆனால் வெளிநாட்டவருக்கு இங்கே வாழ என்ன செலவாகும் என்று கேட்கும் எவரும் அவர்களைக் கேட்பதில்லை. 2024 ஜனவரி 26 அன்று விடிவதற்கு முன் புளூவேலிப் பகுதியில் மண் சரிந்து காய்கறித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பை மூடியது. மியன்மாரைச் சேர்ந்த ஐந்து பேர் தூக்கத்திலேயே புதைந்து போனார்கள். அந்தச் சரிவின் கீழ் அவர்கள் படுத்திருந்ததற்குக் காரணம், அவர்கள் கைக்கு எட்டிய இடம் அதுதான் என்பது. உணவு விடுதியில் தட்டில் வரும் பச்சைக் காய் அந்த மலிவில் விளைந்தது.

வெளிநாட்டவர் வந்தால் ஊருக்கு வருமானம்தானே என்று கேட்பார்கள். ஆமாம், வருமானம்தான். வரட்டும், தங்கட்டும், குளிரை அனுபவிக்கட்டும். பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில் தைப்பூசத்துக்கும் வரட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: மலிவு என்று சொல்லும்போது யாருடைய சம்பளத்தை வைத்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர்களிடம் இன்னும் உரிமையோடு கேட்கிறேன். ‘தோட்டத்து ஆளுக்கு என்ன செலவு’ என்று இனி யாரும் பேச வேண்டாம். அந்தப் பேச்சுதான் சட்டமாகி நம் மக்களின் சம்பளத்தில் 100 ரிங்கிட்டைக் குறைத்தது.

நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. இரண்டாவது இல்லம் தேடி வருகிறவருக்கு விதி எழுதத் தெரிந்த நாட்டில், முதல் இல்லமே இல்லாமல் ஓய்வு பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மலையிலேயே, மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில், அவர் பெயரில் ஒரு வீடு கொடுக்க முடியாதா? பகாங் அரசு அதற்கு நிலம் ஒதுக்க வேண்டும். அடுத்த தேர்தலில் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் மாலையும் கும்பிடுமாக ஏறி வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும், வாக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.