ஸ்டியரிங்கும் கேமராவும் யார் கையில்?

ராலி ரேஸையும் கார்களையும் படம் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்பும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. வீட்டில், "அது பணக்காரன் விளையாட்டு, ஒழுங்காக அரசு வேலைக்குப் படி" என்கிறார்கள். இயக்கத்தில், "ஊர் எரியும்போது உனக்குக் கார் படம் ஒரு கேடா?" என்கிறார்கள். இரு தரப்புக்கும் நம் பதில் ஒன்றுதான்: அந்தக் கேமரா நம் பிள்ளைகள் கையிலும் இருக்க வேண்டும்.

ஏனென்றால், வண்டி நமக்கு என்றைக்கும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1901-ல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரையும் உடன் வந்த பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்குச் சம்மதித்த ஒருவரும் அவர்களோடு உட்கார்ந்து ஓட்டவில்லை. பிள்ளைகள் ஓட்டினார்கள், அவர் கூடவே நடந்தார். பாரிஸ்டராகித் திரும்பிய பிறகு, 1929-ல் சாலிஸ்கானிலும் அதே கதை. குதிரை வண்டிக்காரர்கள் மறுக்க, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாபாசாகேப் தூக்கியெறியப்பட்டு அவர் கால் முறிந்தது. பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. புல்லட் ஓட்டினான் என்று ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டியதாகச் சிவகங்கை மாவட்டத்தில் வழக்குப் பதிவானது 2025 பிப்ரவரியில். வண்டியை யார் ஓட்டுவது என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், வண்டியை யார் படம் பிடிப்பது என்பதும் அரசியல்தான்.

படத்தில் யார் இடம்பெறுவது என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் கறுப்பின ஓட்டுநர் வெண்டல் ஸ்காட் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் வென்றார். ஆனால் வெற்றிக்கொடியும் கோப்பையும் ஒரு வெள்ளையருக்குப் போயின. சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று சொல்லி ஸ்காட்தான் வென்றார் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றைய வெற்றிப் படத்தில் அவர் இல்லை. அவர் குடும்பத்தின் கைக்குக் கோப்பை வந்து சேர்ந்தது 2021-ல், அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

ராலியில் கேமராவுக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. மைதானப் பந்தயம்போல உட்கார்ந்து முழுவதையும் பார்க்க முடியாது. காட்டுப் பாதையிலும் எஸ்டேட் சாலையிலும் கார்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கிளம்புகின்றன. வளைவில் நிற்பவருக்கு ஒரு கார் தெரிவது சில நொடிகள்தான். மற்றதெல்லாம் கேமரா காட்டினால்தான் உண்டு. ஓட்டுநருக்கும் அது இல்லாமல் முடியாது. பணம் போட்ட விளம்பரதாரருக்குக் காட்ட வீடியோ வேண்டும். அதனால் அணிகள் காசு கொடுத்து எடுக்கின்றன. பாதையை மூடும் முன்பே உள்ளே நடந்து போய், கார் தடம் மாறினாலும் மோதாத இடமாகப் பார்த்து நின்று, கடைசி வண்டி போகும்வரை வெயிலில் காத்திருந்து, இரவோடு இரவாக எடிட் செய்து கொடுக்க வேண்டும். உழைப்பாலும் பயிற்சியாலும் வரும் தொழில் இது. பரம்பரைச் சொத்து கேட்காது.

ஆனால் கதவு எளிதாகத் திறக்காது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் பணம் வேண்டும், மீடியா பாஸுக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். ஆள் தெரியாதவனிடம், "பாஸ் தருகிறோம், பேர் போடுகிறோம், காசு அடுத்த தடவை" என்பார்கள். அப்பா காசில் வந்தவன் இரண்டு ஆண்டு இலவசமாக எடுக்கலாம். நம் பிள்ளையால் முடியாது. கூலியில்லாத வேலை யாரை வடிகட்டி வெளியே தள்ளும் என்று நமக்குத் தெரியாதா? ஆகவே முதல் நாளிலிருந்தே கூலியை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டால்தான் உரிமை உங்களிடம் இருக்கும். விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

உள்ளே போனபின் எதைப் படம் பிடிப்பது? பறக்கும் காரை எல்லோரும் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள், நன்றாகவே எடுங்கள். ஆனால் சர்வீஸ் நேரம் முடிவதற்குள் காருக்கடியில் படுத்து வேலையை முடிக்கும் மெக்கானிக்கின் கையும், புழுதியில் கொடியோடு நிற்கும் ஊழியரும், பாதை மூடப்பட்டதால் வேலைக்குப் போக முடியாத கிராமத்துப் பெண்ணும் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் நடந்த தேசிய ராலியில், போட்டிப் பாதைக்குள் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்ட ஒரு குடும்பத்தின் மூன்று பேர் கார் மோதி இறந்தார்கள். அந்தப் பாதை யாருடைய அன்றாட வழி, அவர்களிடம் யார் சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள் என்று கேட்கும் படம் எத்தனை வந்திருக்கிறது? அப்படிப் பாதையில் நடந்து போகும் வீட்டிலிருந்து வந்தவருக்கு அந்தக் கேள்வி சட்டென்று தோன்றும்.

இது தனிமனித முயற்சியோடு முடிகிற விஷயமும் இல்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச் சாலையில் இரவு ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதில் பங்கெடுத்தது. சாலை பொதுச் சொத்து, ஆணையம் அரசுடையது என்றால், அங்கே படம் பிடிக்கும் பயிற்சி இடங்களில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குப் பங்கு கேட்பது நம் உரிமை. தொழில் தொடங்கக் கடனும் மானியமும் தரும் தாட்கோவிடம் கேமராவுக்காகவும் விண்ணப்பியுங்கள். இயக்கங்களும் மாவட்டத்துக்கு ஒரு கேமராவையாவது பொதுவில் வாங்கி வைக்கட்டும். போராட்டத்தையும் அதில் எடுக்கலாம், பந்தயத்தையும் எடுக்கலாம்.

நமக்கான தொழில் எது என்று நெடுங்காலம் மற்றவர்கள் சொன்னார்கள். இனி நம் பிள்ளை "கார் ரேஸ் எடுக்கப் போகிறேன்" என்றால், "எதற்கு?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு கூலி பேசியிருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

ஜெய் பீம்!