8 வருஷ வாரண்டி 3 வருஷத்துக்குள்ளேயே காலி! பழைய ஹைபிரிட் கார் வாங்கப் போறவங்க உஷார்

சென்னை:

பெட்ரோல் விலை கையைக் கடிப்பதால் டிராவல்ஸ் டிரைவர்கள் பலரின் கண் இப்போது ஹைபிரிட் கார் மீது விழுந்திருக்கிறது. புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள் செகண்ட் ஹேண்டில் தேடுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பேட்டரி போச்சுன்னா என்ன பண்றது?"

"8 வருஷம் வாரண்டி இருக்கு, கவலையை விடுங்க" என்று பதில் வரும். பதில் பொய் இல்லை. ஆனால் அதில் பாதிதான் சொல்லப்படுகிறது. மீதிப் பாதியில்தான் டிரைவரின் பிழைப்பே இருக்கிறது.

கணக்கு எங்கே இடிக்குது?

நம்ம ஊரில் நடுத்தரக் குடும்பத்தை எட்டிப் பார்த்த ஹைபிரிட் எஸ்.யு.வி.க்களில் இரண்டு இவை. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா. இரண்டும் 2022-ல் விற்பனைக்கு வந்தன. உள்ளே இருக்கும் ஹைபிரிட் சமாச்சாரம் இரண்டுக்கும் ஒன்றேதான். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கூடவே மின் மோட்டார், 177.6 வோல்ட் லித்தியம் பேட்டரி.

இந்தப் பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். எது முதலில் வருகிறதோ அதோடு சரி.

வீட்டு உபயோகத்துக்கு வருஷம் 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 8 வருஷத்தில் 96 ஆயிரம்தான் ஆகும். அவருக்கு 8 வருஷமும் முழுசாகக் கிடைக்கும்.

வாடகைக்கு ஓட்டுபவர் கதையே வேறு. தினம் 200 கிலோமீட்டர், மாசம் 25 நாள் என்று வைத்தால் மாசத்துக்கு 5 ஆயிரம் கிலோமீட்டர். முப்பத்திரண்டே மாசத்தில், அதாவது 2 வருஷம் 8 மாசத்தில் 1 லட்சத்து 60 ஆயிரம் ஓடிவிடும். லோன் தவணை முழுசாக முடிந்திருக்காது, வாரண்டி முடிந்துவிடும்!

ஆகவே பழைய வண்டி பார்க்கும்போது எந்த வருஷ மாடல் என்பதோடு நிற்காதீர்கள். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், அது நிஜமா என்று சர்வீஸ் ரெக்கார்டைப் பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டியாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் வாரண்டி புத்தகத்தில் வாடகை வண்டிக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

எல்லாம் ஹைபிரிட் இல்லை

இன்னொரு குழப்பம். கிராண்ட் விட்டாராவில் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்றும் உண்டு, 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்றும் உண்டு. ஸ்மார்ட் என்பது எஞ்சினுக்கு லேசாகக் கை கொடுக்கும் அவ்வளவுதான். அதற்கு லிட்டருக்கு 21 கிலோமீட்டர் என்றும், ஸ்ட்ராங்குக்கு 27.97 கிலோமீட்டர் என்றும் கம்பெனி சொன்னது. 2022-ல் இறங்கியபோது ஆரம்ப மாடல் 10 லட்சத்து 45 ஆயிரம். ஸ்ட்ராங் ஹைபிரிட் தொடங்கியதே 17 லட்சத்து 99 ஆயிரத்தில். ஏழரை லட்சம் வித்தியாசம்! 'ஹைபிரிட்' என்ற ஒரு வார்த்தையை நம்பி ஸ்மார்ட்டுக்கு ஸ்ட்ராங் விலை கொடுத்து ஏமாறக் கூடாது.

ரிப்பேர் எங்கே வருது?

பெரிய பேட்டரியே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். ஆனால் வண்டியை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்.

முதல் ஆள், சாதாரண 12 வோல்ட் பேட்டரி. ஹைபிரிட்டிலும் இது உண்டு. வண்டியின் கம்ப்யூட்டர் எழுந்திருக்க இதுதான் வேண்டும். நாலு நாள் சும்மா நின்று இது இறங்கிப் போனால் 'ரெடி' விளக்கு எரியாது. உடனே "ஹைபிரிட் பேட்டரி அவுட்" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலையை லட்சத்துக்கு இழுத்துவிடாதீர்கள். முதலில் 12 வோல்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காற்று. பெரிய பேட்டரி சூடாகாமல் இருக்க மின்விசிறி உண்டு. அது காற்று இழுக்கும் துவாரத்தைப் பை, போர்வை, சாமான் வைத்து அடைத்தால் பேட்டரி சூடாகும், ஆயுசு குறையும். நம்ம ஊர்த் தூசியில் அதை அடிக்கடி சுத்தம் பண்ண வேண்டும். செலவு ரொம்பக் குறைவு, அலட்சியம் பண்ணினால் வரும் செலவுதான் பெரிசு.

மூன்றாவது, இன்வெர்ட்டர் கூலன்ட். எஞ்சின் கூலன்ட் வேறு, இது வேறு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

நான்காவது, எலி. ஆரஞ்சு நிற ஒயர் கடிபட்டால் லோக்கலில் டேப் சுற்றி ஓட்ட முடியாது. உயிருக்கே ஆபத்து.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். 2019-ல் வந்த புதிய டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில் பின் மோட்டாருக்குப் போகும் கேபிள், பனிக்காக ரோட்டில் கொட்டும் உப்பு பட்டுத் துருப்பிடித்தது. கனடாவில் பெரிய புகார் ஆனது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஒரு கேபிளை மாற்றப் பல ஆயிரம் டாலர் கேட்டார்கள். கடைசியில் கம்பெனி அதற்கு வாரண்டியை நீட்டித்தது. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் மாடல்களில் அந்தப் பின் மோட்டார் இல்லை.

தண்ணி புகுந்த வண்டியா?

சென்னைக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. 2023 டிசம்பர் மிச்சாங் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் தண்ணீரில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அப்படி மூழ்கிய வண்டி பாலிஷ் போட்டு மறுபடி விலைக்கு வரலாம். டிக்கி தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறு, துரு, ஈர வாடை இருந்தால் அந்த வண்டியே வேண்டாம். இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் கேளுங்கள்.

உங்கள் வண்டியே மூழ்கினால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். டோ பண்ணி எடுத்துப் போங்கள். வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்சில் வெள்ளத்துக்குப் பைசா வராது. ஃபுல் இன்சூரன்சிலும் 'எஞ்சின் புரொடக்ட்' சேர்க்காவிட்டால் எஞ்சினுக்குள் தண்ணி போன செலவு உங்கள் தலையில்தான்.

ரீகால் முடிஞ்சுதா?

2022-ல் தயாரான கிராண்ட் விட்டாராக்களில் 11,177 வண்டிகளைப் பின்சீட் பெல்ட் கோளாறுக்காக 2023 ஜனவரியில் மாருதி திரும்ப அழைத்தது. 2025 நவம்பரில் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டலாம் என்று 39,506 வண்டிகளை அழைத்தது. இதைச் சரிசெய்யக் காசு கிடையாது. சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் வேலை முடிந்ததா, பாக்கி இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

அப்ப வாங்கலாமா, கூடாதா?

ஹைபிரிட்டுக்கு நல்ல பக்கமும் இருக்கிறது. கிளட்ச் இல்லை. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் சீக்கிரம் தேயாது. சிட்டி டிராபிக்கில்தான் இதற்கு மைலேஜ் அதிகம்.

மாசம் 5 ஆயிரம் கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். 15 மைலேஜ் வண்டிக்கு 33 ஆயிரம் செலவு. 22 கொடுத்தால் 23 ஆயிரத்துக்குள் முடியும். மாசம் 10 ஆயிரம் மிச்சம்.

அந்த மிச்சத்தை முழுசா செலவு பண்ணிவிடாதீர்கள். மாசம் 2 ஆயிரம் தனியாகப் போட்டு வந்தால் வாரண்டி முடிகிற 32-வது மாசத்தில் கையில் 64 ஆயிரம் இருக்கும். வாரண்டி கைவிட்ட பிறகு முதல் ரிப்பேர் வரும்போது கந்துவட்டிக்காரர் வீட்டுப் படி ஏற வேண்டாம்.