கீரிமலையில் தொடங்கிக் கீரிமலைக்கே



இரண்டு மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் முழங்கால் நோவைப் பற்றியும் நித்திரையின்மையைப் பற்றியும் எழுதி, முடிவில் "தினமும் கொஞ்சம் நடவுங்கள்" என்று போட்டிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டார்: "டொக்டரும் நடக்கச் சொல்லுறார், நீங்களும் நடக்கச் சொல்லுறியள். எங்கை நடக்கிறது? ஒழுங்கையிலை சும்மா போய் வந்தால் சனம் என்ன கதைக்கும்?"

நியாயமான கேள்விதான். நாங்கள் நடக்காத பெண்களா? தண்ணீருக்கு நடந்தோம், விறகுக்கு நடந்தோம், நிவாரண அட்டையோடு சங்கக்கடைக்கு நடந்தோம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமமே திரண்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. 2009இல் வன்னியில் நடந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நடந்ததெல்லாம் ஒன்றில் துரத்தப்பட்டு நடந்தது, இல்லாவிட்டால் யாருக்காகவோ நடந்தது. ஒரு வேலையும் இல்லாமல், போன இடத்திலிருந்து அதே இடத்துக்குத் திரும்பி வருவதற்காக நடந்த பெண் எங்கள் ஊரில் எத்தனை பேர்?

எங்கள் மாதர் சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்படி நடக்கிறோம். இந்த மாதம் நடந்த பாதையைச் சொல்கிறேன். கீரிமலையில் தொடங்கி, கரையோரமாகச் சேந்தாங்குளம், அங்கிருந்து உள்ளே இளவாலை, பிறகு தோட்டங்களுக்குள்ளால் மீண்டும் கீரிமலை. மேடு பள்ளம் இல்லை. எங்கள் நடைக்கு, இருந்து எழும்பிப் போக மூன்று மணித்தியாலம் பிடித்தது. எங்களில் மூத்த மாமிக்கு அறுபத்தெட்டு வயது, அவரே நடந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கீரிமலைக்கு பஸ் உண்டு. புகையிரதத்தில் வருபவர்கள் மாவிட்டபுரத்தில் இறங்கலாம்; 2015 தை மாதம் தொடக்கம் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடுகிறது. காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். கரைப் பக்கம் நிழல் இல்லை. ஆகவே அதை வெய்யில் ஏற முன் முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், ஒரு குடை, பிடிப்பான செருப்பு. நாய்க்கு ஒரு தடி. எழுதக் கூச்சமான விடயம் ஒன்று, ஆனால் பெண்களுக்கு அதுதான் முதல் விடயம்: மலசலகூடத்துக்குக் கீரிமலையிலேயே போய்விட்டு வெளிக்கிடுங்கள். இடையில் என்றால் யாருடைய படலையையாவது தட்டித்தான் கேட்க வேண்டும்.

கேணியடியில் நின்று கடலைப் பார்த்தால் மணல் இல்லை, கல். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. ஆறில்லாத ஊர் நாங்கள். மாரியில் பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, நிலத்துக்கடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். மிஞ்சியது கடலை நோக்கிக் கசிகிறது. அப்படிக் கசியும் ஓர் இடம்தான் கீரிமலை. கடல் ஓர் எட்டில் இருக்க, கேணியில் நல்ல தண்ணீர் ஊறுவதற்கு இதுதான் காரணம். மோட்டரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்ப்பதற்கும் இதே காரணம்தான்; தோட்டம் செய்யும் சகோதரிகள் இதை மனதில் வைத்திருங்கள்.

குதிரை முகத்தோடு இருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடி முகம் மாறினாள் என்றும், மா விட்ட இடம் மாவிட்டபுரம் ஆனது என்றும் யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. கீரி முகம் மாறிய நகுல முனிவரின் பெயரில்தான் நகுலேஸ்வரம். அந்தக் கோயில் 1990 ஐப்பசியில் விமானக் குண்டு வீச்சில் இடிந்தது. 2012இல்தான் மீண்டும் கும்பாபிஷேகம் கண்டது.

அதே 1990ஆம் ஆண்டு ஆனியில் இந்தப் பக்கத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டது. நானும் அதற்குள் ஒருத்தி. இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்கு ஒரு சுண்டு அரிசியைக் கொட்டிவிட்டுப் போனோம். 2009க்குப் பிறகு பகுதி பகுதியாகக் காணிகளை விட்டார்கள். இன்னும் விடாத காணிகளும் இருக்கின்றன. எனவே ஓர் எச்சரிக்கை. தார் வீதியையும் சனம் புழங்கும் ஒழுங்கைகளையும் விட்டு விலகாதீர்கள். கூரையில்லாத வீடுகளைப் பார்க்க ஆசை வரும். பற்றைக்குள் இறங்க வேண்டாம். சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறியிருந்தால் அதைத் தாண்டி ஒரு பூப் பறிக்கவும் போக வேண்டாம்.

கேணியடியிலிருந்து மேற்குப் பக்கமாகத் திரும்பினால் கடல் வலக்கைப் பக்கம் வரும், வெய்யில் முதுகுக்கு. அங்கேதான் எங்களோடு வந்த தங்கச்சி நின்றுவிட்டா.

அவ வன்னியிலிருந்து வந்து இங்கே தமக்கை வீட்டோடு இருப்பவ. வயது நாற்பத்தாறு. கணவரை 2009 வைகாசியில் கடைசியாகக் கண்டவ. அதற்குப் பிறகு கடலைப் பார்த்ததில்லையாம். யாழ்ப்பாணத்தில் இவ்வளவு காலம் இருந்தும் எப்படிக் கடலைப் பார்க்காமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். "பஸ்ஸிலை மற்றப் பக்கச் சீற்றிலை இருப்பன் அக்கா" என்றா. முள்ளிவாய்க்காலில் ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் செல். அந்தக் கடலுக்கு இந்தக் கடல் என்ன செய்யும்? ஆனால் அதை ஆருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது.

நான் உடனே, திரும்பிப் போவோம், மாவிட்டபுரப் பக்கம் நடப்போம் என்றேன். மாமி விடவில்லை. "நீ இடக்கைப் பக்கம் வா. நாங்கள் நாலு பேரும் கடல் பக்கம் நடக்கிறம்." அப்படியே நடந்தோம். நாலு பேரும் நாலு வேலி மாதிரி. எதிரே சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் இறங்கி, "எங்கை பிள்ளையள், கோயிலுக்கோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, சும்மா நடக்கிறம்" என்று மாமி சொன்னார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லது, நடவுங்கோ" என்று போனார். சனம் கதைக்கும் என்று பயந்த சகோதரிக்காக இதை எழுதுகிறேன். நாலு பேராய்ப் போனால் பாதிக் கதை குறையும்.

போகப் போகக் கல் குறைந்து மணல் வருகிறது. சேந்தாங்குளத்தில் வள்ளங்கள் கரைக்கு வந்திருந்தன. வலையைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், இந்திய இழுவைப் படகுகள் வந்து போனால் வலையில் மிஞ்சுவது கயிறுதான் என்று தன்பாட்டில் ஏசிக்கொண்டிருந்தார். தொழிலுக்குப் போகும் ஆண் இல்லாத வீடு. மீன் தெரிந்து, கருவாடு போட்டுச் சீவிக்கிறார். எங்களை இருத்திப் பிளேன்ரீ தந்தார், காசு வாங்கவில்லை. நாங்கள் கருவாடு வாங்கினோம். இப்படிப் போகும்போது கையில் ஒரு பையும் கொஞ்சக் காசும் இருப்பது நல்லது.

இங்கிருந்து இன்னும் மேற்கே போனால் மாதகல், சம்பில்துறை. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இறங்கியதாக மகாவம்சம் சொல்லும் துறை அதுதான் என்பார்கள். அது வேறொரு நாளைக்கு. நாங்கள் இடப்பக்கம் ஊருக்குள் திரும்பினோம். கடல் முதுகுக்குப் போனவுடன் தங்கச்சியின் நடை மாறியதைக் கண்டேன். எங்களுக்கு முன்னாலே போகத் தொடங்கிவிட்டா.

இளவாலைப் பக்கம் போகப் போகத் தோட்டம், வடலி, பூவரசு வேலி, கல் அடுக்கிய மதில். புனித அன்னம்மாள் கோயிலின் திண்ணையில் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். பக்கத்தில்தான் கன்னியர்மடம். மாமி அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எந்த மரத்தின் கீழ் நின்று அடி வாங்கினார் என்பதைக் காட்டுவதற்கே கால் மணித்தியாலம் எடுத்தார். அந்த மரமும் இல்லை.

திரும்பும் பாதை வித்தகபுரம், கருகம்பனைப் பக்கத்து ஒழுங்கைகளால். இந்தத் துண்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. செம்பாட்டு மண்ணில் வெங்காயம், மரவள்ளி, புகையிலை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம். வேலியோரப் பற்றையில் காத்தோட்டிக்காய் காய்த்திருந்தது. ஆடி அமாவாசைச் சமையலுக்கு எங்கள் வீடுகளில் தேடித் திரிவோமே, அதே காய். ஒருவர் எட்டிப் பறிக்க, மற்றவர் முள்ளுக் குத்திப்போட்டுது என்று கத்த, சிரிப்பு.

தங்கச்சி சிரிக்கவில்லை. காயைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, மகன் கேட்கிறான், அமாவாசைக்கு அப்பாவுக்கு விரதம் பிடிக்கட்டோ எண்டு. கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடட்டோ எண்டு. பெரியவை எல்லாரும் செய் எண்டினம். நான் என்ன சொல்ல?" என்றா.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அலுவலக விடயம் என்றால் சொல்வேன். மரணச் சான்றிதழ் எடுக்காமலே, காணாமல் போனவர் என்று பதிந்து ஒரு சான்றிதழ் பெறுவதற்கு 2016இல் சட்டம் வந்தது. அதைப் பற்றி வேண்டுமானால் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரிக்கலாம். ஆனால் அவ கேட்டது அதையல்ல. மகன் தர்ப்பணம் செய்தால் தகப்பன் இல்லை என்று அவவே கையெழுத்துப் போட்ட மாதிரி. செய்யாவிட்டால், இல்லாதவர் பட்டினி கிடக்கிறார் என்று ஊர் சொல்லும்.

மாமியின் மூத்த மகன் 1990இல் போனவன் திரும்பவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் கதைப்பதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார்: "நான் இண்டைக்கும் ஒண்டும் செய்யேல்லை. வீட்டிலை மற்றவை செய்ய வேணும் எண்டு நிண்டினம். என்ரை கண்ணுக்கு முன்னாலை செய்யாதையுங்கோ எண்டன். பிள்ளை, உன்ரை மகனிட்டைக் கேள், அவனுக்கு என்ன மனம் எண்டு. அவன் செய்யட்டும். நீ செய்யாதை. ஒரு வீட்டிலை இரண்டும் இருக்கலாம்."

தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. காயைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. அரை மைல் தூரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மரத்தைப் பார்த்து மாமி விலை கேட்கப் போக, பழையபடி சத்தம் தொடங்கியது.

ஒன்பது மணி தாண்டக் கேணியடிக்கு வந்து சேர்ந்தோம். பெண்களின் கேணிக்குச் சுற்றிவர மதில் உண்டு. மாற்று உடுப்பு மறக்காமல் கொண்டு போங்கள். நாங்கள் ஒருவர் மறந்து, ஈரச் சேலையோடு பஸ் ஏறியவர். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது, நடந்த காலுக்கு அது போதும். தங்கச்சி படியில் இருந்து காலை மட்டும் விட்டுக்கொண்டிருந்தா. மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

"இது கடலோ அக்கா?"

"ஓம். மதிலுக்கு அங்காலை."

இன்னும் இரண்டு படி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையை நனைத்தா.

அடுத்த மாதம் தொண்டைமானாற்றில், சந்நிதி கோயிலடியில் தொடங்கி வல்வெட்டித்துறை வரை போய் வருவதாக இருக்கிறோம். அதுவும் கடற்கரைதான். வருகிறீர்களா என்று அவவிடம் கேட்டேன். எந்தப் பக்கம் கடல் வரும் என்று கேட்டா. போகும்போது இடக்கைப் பக்கம் என்றேன். "அப்ப நான் வலக்கைப் பக்கம்" என்றா.