உத்தரவாதம் முடிந்ததும் பழுதாகும் என்ஜின்: இரு சட்டங்களுக்கு இடையே சிக்கும் கார் உரிமையாளர்

புது தில்லி: உத்தரவாதக் காலம் முடிந்த சில வாரங்களிலேயே காரின் என்ஜின் பழுதாகி நின்றுவிட்டால், அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் யார்? 2019-ஆம் ஆண்டு ஒரே கூட்டத்தொடரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரு முக்கியச் சட்டங்களும் இக்கேள்விக்கு நேரடியான விடை அளிக்கவில்லை.

17-ஆவது மக்களவையின் முதல் கூட்டத்தொடரில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின. இரண்டுக்கும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது ஒரே நாளில், ஆகஸ்ட் 9-இல். முதலாவது, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுவதற்கு வழி வகுத்தது. இரண்டாவது, "பொருள் பொறுப்பு" என்ற தனி அத்தியாயத்தைச் சேர்த்தது. மேலோட்டமாகப் பார்த்தால் கார் வாங்குவோருக்கு இது இரட்டைக் கவசம். ஆனால், நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது.

பாதுகாப்புக்கு மட்டுமே கவசம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவின்படி, ஒரு குறிப்பிட்ட ரக வாகனத்தைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பு நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உள்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பது இங்கு தடையல்ல. ஆனால், அந்தக் குறைபாடு சாலைப் பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து விளைவிப்பதாக இருக்க வேண்டும். பிரேக் செயலிழப்பதும் எரிபொருள் கசிவதும் இந்த வரையறைக்குள் எளிதில் வரும். மசகு எண்ணெய் சரிவரப் பாயாமல் தேய்ந்து இறுகிப்போகும் என்ஜின் உரிமையாளரின் சேமிப்பைக் கரைக்குமே தவிர, பெரும்பாலும் இந்த வரையறைக்குள் வராது.

நுகர்வோர் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயமும் இங்கே கைகொடுப்பதில்லை. அந்த அத்தியாயத்தின் கீழ் இழப்பீடு பெற "தீங்கு" நேர்ந்திருக்க வேண்டும். பொருளுக்கே ஏற்படும் சேதமும் வணிக, பொருளாதார இழப்பும் "தீங்கு" ஆகாது என்று சட்டத்தின் 2-ஆவது பிரிவே விலக்கிவிடுகிறது. என்ஜின் தீப்பற்றிப் பயணி காயமடைந்தால் இழப்பீடு கேட்கலாம். என்ஜின் மட்டும் பாழானால் இந்த அத்தியாயம் உதவாது.

எஞ்சியிருக்கும் வழி

எஞ்சியிருப்பது பழைய வழிதான். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தொடரும் "குறைபாடு" குறித்த புகார் அது. பொருளில் தொடக்கத்திலேயே மறைந்திருந்த உற்பத்திக் குறைபாடு பின்னர் வெளிப்பட்டால், உத்தரவாதம் முடிந்திருந்தாலும் ஆணையத்தை அணுகத் தடையில்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. வசிக்கும் ஊரிலோ பணிபுரியும் ஊரிலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு அளிக்கலாம். ரூ.50 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய வாகனங்கள் அதன் வரம்புக்குள் வரும். பிழைப்புக்காகத் தானே வாடகைக் கார் ஓட்டுபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. கார் ஓடாவிட்டாலும் கடன் தவணை நிற்காத அவருக்கு இது முக்கியமானது.

ஆனால், குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார்தாரரின் தோளில்தான் விழுகிறது. குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றவில்லை, வெளியே பழுது பார்த்தார் என்பவையே நிறுவனங்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதங்கள். ஆய்வகச் சோதனைக்கு ஆணையம் உத்தரவிடலாம். அறிக்கை 45 நாள்களில் வர வேண்டும் என்கிறது 38-ஆவது பிரிவு. அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் செலுத்த நேரிடும்.

இங்கேதான் உண்மையான இக்கட்டு. சோதனைக்கு முன்பே என்ஜினைப் பிரித்துப் பழுது பார்த்துவிட்டால் சான்று அழிந்துவிடும். பிரிக்காமல் காத்திருந்தால் கார் மாதக்கணக்கில் பணிமனையில் கிடக்கும். சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையோ வேறு. ஆணையங்களில் காலியிடங்கள் நிரப்பப்படாததை உச்ச நீதிமன்றமே 2021-இல் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

வழக்கில் வென்றாலும் புதிய கார் கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது. பழுதான பாகத்தை மாற்றித் தருவது மட்டுமே உத்தரவாதத்தின் நிபந்தனை என்றால், முழு வாகனத்தையும் மாற்றித் தருமாறு உத்தரவிட இயலாது என 2006-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே, கார் உரிமையாளரின் வலிமை ஆவணங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சர்வீஸின் பணி அட்டையும் ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும். உத்தரவாதக் காலத்திலேயே வினோத சப்தம், எண்ணெய்க் குறைவு, அதிக வெப்பம் போன்ற அறிகுறிகள் தென்பட்டால் அவற்றைப் பணி அட்டையில் எழுதச் செய்வது அவசியம். உத்தரவாதம் முடியும் முன்பே குறை தோன்றியது என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. நல்லெண்ண அடிப்படையில் செலவைப் பகிர்ந்துகொள்ளுமாறு நிறுவனத்திடம் கேட்பதானாலும் எழுத்து மூலமாகக் கேட்பதே நல்லது.

நீடித்து உழைக்கும் உரிமை

பழுது நீக்கும் செலவும் தனிப் பிரச்னை. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய "பழுது நீக்கும் உரிமை" இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றது. ஆயினும் அது தகவல் தரும் ஏற்பாடே. சட்டபூர்வ உரிமை அல்ல.

பிரிட்டனின 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருளின் தரத்தை அளவிடும்போது அது நீடித்து உழைக்கும் தன்மையையும் கருத வேண்டும் என்கிறது. இந்தியச் சட்டத்தில் "குறைபாடு" என்பதன் வரையறை தரம், அளவு, தூய்மை ஆகியவற்றைப் பேசுகிறது; நீடித்து உழைப்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. லட்சக்கணக்கில் செலவிட்டு வாங்கும் ஒரு பொருள் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதை இப்போது தீர்மானிப்பது நிறுவனம் அச்சிடும் உத்தரவாதக் கையேடுதான். அதைச் சட்டம் தீர்மானிக்க வேண்டுமானால், அந்த வரையறையைத் திருத்துவதிலிருந்து நாடாளுமன்றம் தொடங்கலாம்.