ஸ்டிக்கர் அடிக்காது, மரம்தான் அடிக்கும்

பாலக்கோடு பக்கம் ஒரு பையன். அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை. பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தால் பேட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பையனும் எடுத்துவிட்டான். தர்மபுரி டவுனுக்கு வந்து ஒரு கடையில் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். மேலிருந்து கீழ்வரை ஸ்டிக்கர். இந்திய அணி வீரர் ஒருவரின் கையெழுத்து வேறு. நடுவில் தங்க எழுத்தில் "இங்கிலிஷ் வில்லோ". "ஒரிஜினல்ணா, பையன் ஆசைப்படுறான்ல, வாங்கிக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு யார்க்கரைத் தடுத்தபோது அடிப்பக்கம் பிளந்தது. ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே ஒரு கணு, அதன்மேல் மக்கு பூசி பெயிண்ட். ஊர் ஆசாரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பாப்லர் மாதிரி இருக்குப்பா. தீக்குச்சிக்குப் போற மரம்." அப்பாவின் மூன்று நாள் கூலி தீக்குச்சியாகப் போனது!

"பார்த்து வாங்கியிருக்கணும்" என்று எல்லோரும் பையனைத்தான் திட்டினார்கள். எதைப் பார்த்து? பார்க்க வேண்டிய மரத்தைத்தான் ஒட்டி மூடி வைத்திருக்கிறார்களே!

இங்கே கொஞ்சம் அமெரிக்கா போய் வரலாம். பேஸ்பாலில் பல காலம் ஆஷ் மரத்து பேட்தான் ராஜா. 2001-ல் பாரி பாண்ட்ஸ் மேப்பிள் பேட்டோடு இறங்கி ஒரே சீசனில் 73 ஹோம் ரன் அடித்தார். அப்புறம் என்ன, எல்லோருக்கும் மேப்பிள்தான் வேண்டும். ஆனால் மேப்பிள் உடைந்தால் ஆஷ் மாதிரி சிம்பு சிம்பாகப் பிரியாது, பெரிய துண்டாகப் பிய்ந்து பறக்கும். 2008-ல் இது பெரிய பிரச்சினை ஆனது. ஆராய்ந்து பார்த்ததில், மரத்தின் ரேகை நேராக ஓடாமல் சாய்ந்து போவது ஒரு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மேப்பிளில் ரேகை சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் கைப்பிடிப் பக்கம் ஒரு சொட்டு மை வைக்கச் சொன்னார்கள். மை ரேகை வழியே ஊறும். அந்தச் சாய்வு மூன்று டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். தானாகத் தெரியாத ரேகையை மை வைத்துக் காட்டச் சொல்கிறது ஒரு ஊர். வில்லோவில் ரேகை வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கிறது நம்ம ஊர்.

கடைக்காரர்கள் தரப்பில் இரண்டு பதில் வரும். முதல் பதில், "ஸ்டிக்கர் பாதுகாப்புக்குங்க." பாதுகாப்புக்கு கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற ஷீட் இருக்கிறது. நல்ல கம்பெனிகள் அதைத்தான் முகப்பில் ஒட்டுகின்றன. இரண்டாவது பதில், "டூப்ளிகேட்னு எல்லாருக்கும் தெரியுமே!" தெரியும் என்றால் டூப்ளிகேட் விலைக்கே விற்கலாமே? 2,800 எதற்கு?

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஜார்ஜ் அகர்லாஃப் ஞாபகம் வரும். 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து அவர் எழுதிய கட்டுரை இதேதான். விற்பவருக்கு சரக்கின் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால் மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து துரத்திவிடும். பேட் கடையில் நடப்பதும் அதுதான். நேர்மையான காஷ்மீர் வில்லோ பேட் ஸ்டிக்கர் பெருமை இல்லாமல் மூலையில் சாய்ந்து கிடக்கும். பக்கத்தில் பாப்லர் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். யார் முதலில் போவார்?

நஷ்டம் பையனுக்கு மட்டுமில்லை. அனந்த்நாக் மாவட்டத்தில் சங்கம், பிஜ்பெஹாரா பக்கம் பேட் செதுக்கிப் பிழைப்பவர்களுக்கும்தான். அவர்கள் மரம் ஒன்றும் இளப்பமில்லை. 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமன் வீரர்கள் காஷ்மீர் வில்லோ பேட்டோடுதான் ஆடினார்கள்.

அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி என்று எங்கே பார்த்தாலும் ஆடுவது டென்னிஸ் பந்துதான். பக்கத்துச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்த டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகித்தான் 2020-ல் இந்திய அணிக்குள் போனார். டென்னிஸ் பந்து பேட்டில் பட்டதும் தானே நசுங்கிப் பாதி சக்தியை விழுங்கிவிடும். தோல் பந்துக்கு மரத்தின் துள்ளல் பெரிய விஷயம். டென்னிஸ் பந்துக்கு அதைவிட முக்கியம், பேட்டை எவ்வளவு வேகமாக வீச முடிகிறது என்பது. அதற்கு லேசான, கைக்கு அடங்கிய காஷ்மீர் வில்லோ தாராளம். இங்கிலிஷ் வில்லோ என்ற பெயர் இந்த மைதானங்களில் வெறும் ஜம்பம். ஜம்பம் இருக்கும் இடத்தில் மோசடிக்கு என்ன பஞ்சம்?

சட்டமும் இல்லாமல் இல்லை. பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. போலியை ஒரிஜினல் என்று விற்பது குற்றம். 1915-க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். ஆனால் பில் வேண்டும். அந்தக் கடையில் பில்லும் தரவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். மரம் தெரியாத பேட்டை வாங்கக் கூடாது. ரேகை கைப்பிடிப் பக்கத்திலிருந்து அடிவரை நேராக ஓடுகிறதா, கணு இருக்கிறதா, கைப்பிடி பிரம்பா கட்டையா என்று பார்க்க வேண்டும். மேல் கையால் மட்டும் தூக்கி வீசிப் பார்க்க வேண்டும். கடைசியாக பில். கடைக்காரர் முறைத்தால் அடுத்த கடை. பத்து டீம் சேர்ந்து இப்படிக் கேட்டால் ஸ்டிக்கர் தானாகச் சுருங்கும்.

அந்தப் பையன் இப்போது தம்பிகளோடு தென்னை மட்டையில் ஆடுகிறான். அதன்மேல் யார் கையெழுத்தும் இல்லை. ஆனால் அது தென்னை மட்டை என்று எல்லோருக்கும் தெரியும். டவுன் கடை பேட்டுக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.