திறமைக்கும் இடம், கத்துக்குட்டிக்கும் இடம்

பரமபதத்தில் திறமைக்கு வேலையில்லை. பகடை கைகொடுத்தால் ஏணி, கைவிட்டால் பாம்பு. சதுரங்கத்திலோ அதிர்ஷ்டத்திற்கு வேலையில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்க, 1974-இல் இது வெளிவந்தது.

இதில் நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாகவே விளையாடுவர். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். ஒருத்தி வாட்போரில் தேர்ந்தவள். மற்றொருத்தி வாளையே தொட்டறியாத வைத்தியர் மகள் என்று வைத்துக்கொள்வோம். எதிரே பூதம் வந்தால், வீசிய வாள் பட்டதா இல்லையா என்பதைப் பகடையே சொல்லும். பயின்றவள் உருட்டிய எண்ணுடன் பயிற்சிக்காக 4 கூட்டிக்கொள்ளலாம்.

பூதத்தை அடிக்க 11 தேவை என்போம். இருபது முகப் பகடையில் பயிலாதவளுக்கு நூற்றுக்கு 50 வாய்ப்பு, பயின்றவளுக்கு 70. ஆண்டுக்கணக்கில் வாள் சுழற்றியதற்குப் பலன் இவ்வளவுதானா?

இவ்விளையாட்டின் முதல் விதிநூல்களே விதிகளை அவரவர் விருப்பப்படி மாற்ற இடம் தந்தன. ஆகவே சிலர் அந்தப் பகடையை விடுத்து, அறுமுகப் பகடைகள் மூன்றை உருட்டுகின்றனர். மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 216. நடுத்தர எண்களே அடிக்கடி விழும். இப்போது பயிலாதவளுக்கு அதே 50; பயின்றவளுக்கோ 90-க்கும் மேல். உழைப்புக்கு ஏற்ற கூலி!

ஆனால் பூதம் வலியதாக இருந்து 16 தேவைப்பட்டால்? இருபது முகப் பகடையில் பயிலாதவளுக்கு நூற்றுக்கு 25 வாய்ப்பு இருந்தது. மூன்று பகடைகளிலோ 216-இல் 10 மட்டுமே. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அப்படியானால் தேர்ந்தவளின் எண்ணைக் குறைத்துவிடலாமே என்பர் சிலர். நான் இதை ஏற்கமாட்டேன். நன்றாக ஓடுபவளின் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் நடத்துவதா? பயிலாதவளுக்கு இலவசமாக எண் கொடுப்பதும் சரியன்று. பிறகு யார்தான் பயில்வர்?

நான் நடுவரானால் ஒரு விதி சேர்ப்பேன். பயிலாதவள் தன் முறையில் வாள் வீசுவதற்குப் பதிலாகப் பூதத்தின் கவனத்தைத் திருப்பலாம். அதற்காகத் தோழியின் எண்ணுடன் 2 கூடும். அதே வலிய பூதத்தைத் தேர்ந்தவள் தனியே அடித்தால் 216-இல் 81 வாய்ப்பு. வைத்தியர் மகள் துணை நின்றால் 135! வீரம் குறையவில்லை, கத்துக்குட்டியும் ஒதுங்கி நிற்கவில்லை. அவளின்றி வெற்றி கிட்டுவது கடினம் என்பதைத் தேர்ந்தவளும் உணர்வாள்.

ஒன்று மட்டும் முக்கியம். இத்தகைய விதியை ஆட்டம் தொடங்குமுன் எல்லாருக்கும் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும். நடுவில் மாற்றினால், நல்ல விதியும் ஓரவஞ்சனையாகவே தோன்றும்.

தோழியரே, நம் வகுப்பிலும் கணக்கில் கெட்டிக்காரி இருக்கிறாள்; கூட்டலுக்கே விரல் எண்ணுபவளும் இருக்கிறாள். முந்தியவளைப் பின்னுக்கு இழுக்காமல், பின்தங்கியவளுக்கு உருப்படியான வேலை கொடுப்பதே நியாயமான விதி என்பது என் துணிபு.

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி