நேரத்துக்குச் சாப்பிடச் சொல்வது யாரிடம்?

"நேரத்துக்குச் சாப்பிடும்மா." செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனைக்குப் போகும் நம் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லப்படும் அறிவுரை இது. தவறில்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்சுலினின் வேலை மந்தப்படுகிறது. பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டு, இரவில் தட்டு நிறையச் சோறு உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

ஆனால், நிலமில்லாத சேரிப் பெண்ணின் சாப்பாட்டு நேரம் அவள் கையிலா இருக்கிறது? விடியுமுன் எழுந்து வீட்டாருக்கு ஆக்கி வைத்துவிட்டு, வெறும் டீயோடு நடவுக்கு வண்டி ஏறுகிறாள். தூக்குவாளியைத் திறக்கப் பத்தோ பதினொன்றோ ஆகும். அதையும் வயல்காரர் சொல்ல வேண்டும். ஏழு மாத வயிறென்றாலும் இடையில் கரையேறினால் முகம் சுளிப்பார்கள். கூலியில் பிடிப்பதும் உண்டு.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் பல பெண்கள் திரும்பி வருவதில்லை என்று கண்டுதான் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா போன்றோர் எளிய சோதனையை முன்வைத்தனர். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம் கழித்து ஒரே ரத்தச் சோதனை. 140 அல்லது அதற்கு மேலென்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஒன்றிய அரசும் அதை ஏற்றது. சோதனை உழைப்பவளுக்காக வளைந்தது. வேலை மட்டும் வளையவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் இருக்கிறதே என்பார்கள். அது தவணையில் வருவது. காலைப் பசிக்கு வராது.

கர்ப்பிணிக்குக் கூலி பிடிக்காமல் இருவேளை இடைவேளை, பரிசோதனை நாளுக்கு முழுக்கூலி. வரும் கிராமசபையில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கேட்கப் போகிறோம்.